மணலுக்கேற்ற வண்டி

தொண்டி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் பயின்ற மாணவர்களுக்குப் பழந்தமிழ்த் துறைமுகம் நினைவுக்கு வரும். சேர நாட்டின் மேலைக் கரையில் ஒரு தொண்டி இருந்தது. பாண்டிய நாட்டின் கீழைக் கரையில் ஒரு தொண்டி இன்றும் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக்கு நீரிணையின் ஓரத்தில் அமைந்த இந்தக் கீழைத் தொண்டியைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் கப்பல்களைப் பற்றியே பேசுவார்கள். நான் இன்று உங்கள்முன் எடுத்துக்கொள்ளும் பொருள் அதனினும் எளியது. அந்தக் கரையின் மணலும், அந்த மணலில் புதையும் சக்கரமும், புதைந்த சக்கரத்தை மீட்க மனிதன் கண்ட வழியுமே இன்றைய பேச்சின் பொருள்.

தொண்டியிலிருந்து தெற்கே சென்று, பாம்பனைக் கடந்து, இராமேசுவரம் தீவின் முனையாகிய தனுஷ்கோடி வரை கடலோரமாகவே ஒருவர் நடந்து செல்வதாக வைத்துக்கொள்வோம். வழிநெடுக அவர் காலடியில் பெரும்பாலும் மணலே கிடக்கும். மனிதன் இதில் நடந்துவிடலாம், மாடும் நடந்துவிடும். சுமையேற்றிய சக்கரம் செல்வதுதான் அரிது. சக்கரம் மணலைச் சந்திக்கும்போது மனிதனுக்கு இரண்டே வழிகள் உள்ளன. வண்டிக்கேற்றபடி பாதையை அமைப்பது ஒன்று. பாதைக்கேற்றபடி வண்டியை அமைப்பது மற்றொன்று. இந்தக் கடற்கரை இரண்டு வழிகளையும் கண்டிருக்கிறது.

முதலில் வந்தது பாதை. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. கடலைத் தாண்டிய இருப்புப்பாதை மணல்மேட்டின்மீது தனுஷ்கோடி வரை சென்றது. சென்னையில் ரயிலேறிய பயணி தனுஷ்கோடித் துறையில் இறங்கி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் ரயிலேறிக் கொழும்பை அடைந்தார். அவருடைய காலுக்கடியில் மணல் இருந்தது என்ற நினைவே அவருக்கு வந்திராது. எஃகுத் தண்டவாளம் மணலை மறைத்துவிட்டது.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு அந்த மறைப்பு நீங்கிற்று. அன்று வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் மாண்டார்கள். தண்டவாளம் போயிற்று, துறை போயிற்று, அஞ்சலகமும் கோயிலும் தேவாலயமும் இடிபாடுகளாக நின்றன. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆயினும் மீன்பிடிக்கும் குடும்பங்கள் சில, கடலை விட்டு அகல மனமில்லாமல், ஓலைக் குடிசைகளில் அங்கேயே தங்கிவிட்டன. பாதை அழிந்த இடத்தில் மக்கள் இருந்தார்கள். அவர்களிடம் பொருள்கள் போய்ச்சேர வேண்டும். அவர்கள் பிடித்த மீன் வெளியே வரவேண்டும். இனி வண்டியே மணலுக்கு ஏற்றதாக வேண்டும்.

மோட்டார் வண்டி மணலில் ஏன் புதைகிறது? இதற்கு விடை காண நம் மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். மாட்டுவண்டியின் சக்கரம் தானாக ஒன்றும் செய்வதில்லை. தரையை உதைத்து முன்னேறுவது மாட்டின் குளம்பு. சக்கரம் பின்னால் உருண்டு வருகிறது. மோட்டார் வண்டியிலோ சக்கரமே குளம்பாகவும் இருக்க வேண்டும். எஞ்சினின் வலிமை சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் தரையைப் பற்றிப் பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலால் வண்டி முன்னே செல்கிறது. தரை பிடிகொடாவிட்டால் எத்தனை குதிரைத் திறன் கொண்ட எஞ்சினும் பயனற்றதே.

பிடி எதனால் வருகிறது? சக்கரத்தின்மேல் அழுந்தும் எடையினால் வருகிறது. ஒரு வேனின் மொத்த எடை 2000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சில் 1000, பின் அச்சில் 1000 கிலோகிராம் தங்குகிறது. பின் சக்கரங்களால் இயங்கும் வண்டியில் எஞ்சினின் வலிமை அந்த இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. ஆகவே பின்னாலுள்ள 1000 கிலோகிராம்தான் பிடி தருகிறது. முன்னாலுள்ள 1000 கிலோகிராம் உதவாமலிருப்பதோடு, மணலுக்குள் முன் சக்கரங்களை அழுத்தித் தடையாகவும் நிற்கிறது. முன் சக்கரங்களுக்கும் வலிமையை அனுப்பினால் அந்தத் தடையே துணையாக மாறுகிறது. வண்டியின் முழு எடையும் பிடியாகிறது. நாற்சக்கர இயக்கம் என்பதன் அடிப்படை இவ்வளவே. நம் ஓட்டுநர்கள் இதைச் சுருக்கமாக 'ஃபோர் வீல்' என்பார்கள்.

கருத்து எளிது, செய்கை அரிது. முன் சக்கரங்கள் உருள்வதோடு இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். திரும்பிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரத்திற்கு அச்சின் வழியே இடையறாது வலிமையை அனுப்புவது எப்படி? பொறியாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்த வினா இது.

ஆங்கில நாட்டுப் பொறியாளர் பிரமா ஜோசப் டிப்லாக் என்பவர் 1893இல் நீராவி இழுவை வண்டி ஒன்றிற்காக நாற்சக்கர இயக்கத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1903இல் ஹாலந்து நாட்டில் ஸ்பைக்கர் சகோதரர்களின் தொழிற்சாலை, 60 குதிரைத் திறன் கொண்டதும் நான்கு சக்கரங்களாலும் இயங்குவதுமான பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டிற்று. பந்தயத்திற்கென்று பிறந்த அது பெருவாரியாகச் செய்யப்படவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிளிண்டன்வில் என்னும் சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ ஸாக்கோ, அவருடைய மைத்துனர் வில்லியம் பெஸர்டிச் என்ற இருவர் 1908இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். திரும்பும் முன் சக்கரத்திற்கு வலிமையை அனுப்பும் இணைப்பு ஒன்றை அவர்கள் கண்டிருந்தார்கள். அவர்களுடைய முயற்சியிலிருந்து எழுந்த நிறுவனம் செய்த லாரிகள் முதல் உலகப்போரின் சேற்று நிலங்களில் ஆயிரக்கணக்கில் ஓடின. நகரங்களின் பெருந்தொழிற்சாலைகள் முடிக்காத வேலையை ஒரு சிற்றூர்ப் பட்டறை முடித்தது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சேறும் குழியுமான பாதையில் நாள்தோறும் உழல்பவனுக்கே அதன் தேவை நன்கு புரியும்.

இதன் பின்னர் வரலாறு இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. தொடக்கத்திலிருந்தே நான்கு சக்கரங்களுக்கென வண்டியைப் படைப்பது ஒரு கிளை. 1940இல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறு வண்டி கேட்டது. பென்சில்வேனியாவிலிருந்த பாண்டம் நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் முதல் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதுவே உலகம் அறிந்த ஜீப்பின் முதல் வடிவம். வில்லீஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

மற்றொரு கிளைதான் நம்முடைய இன்றைய பேச்சுக்கு நெருங்கியது. இரண்டு சக்கரங்களால் இயங்குவதற்கெனப் பிறந்துவிட்ட ஒரு வண்டியை எடுத்து, அதை நான்கு சக்கர வண்டியாக மாற்றுவது அது. இண்டியானாபோலிஸ் நகரில் 1931இல் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம், ஃபோர்டு லாரிகளையும் சிறு வண்டிகளையும் வாங்கி முன் அச்சை மாற்றிக் கொடுப்பதையே ஒரு தொழிலாக நடத்தியது. 1950களில் மின்னபோலிஸ் நகரத்து நாப்கோ நிறுவனம், செவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளுக்கு வேண்டிய உறுப்புகளை ஒரு தொகுதியாகவே கட்டி விற்றது. சிறு லாரிகளோடு, மூடிய கூடு கொண்ட வேன்களும் இந்தத் தொகுதியால் நாற்சக்கர வண்டிகளாயின. பின்பு அந்த இரு வண்டிகளைச் செய்தவர்களே, 1956, 1957ஆம் ஆண்டுகளில், இதைத் தங்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரலானார்கள்.

இத்தகைய மாற்றத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? நிலத்தடியில் ஒரு பள்ளம் தோண்டி, அதன்மேல் வேனை நிறுத்தி, கீழே இறங்கிப் பார்ப்பதாகக் கொள்வோம். எஞ்சினுக்குப் பின்னால் கியர் பெட்டி. அதிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட தண்டு பின் அச்சுக்குச் செல்கிறது. மாற்றுபவர் இந்தத் தண்டை வெட்டி, கியர் பெட்டிக்குப் பின்னால் புதிதாக ஒரு பெட்டியைப் பொருத்துகிறார். வலிமையை இரண்டாகப் பகிர்வது அதன் வேலை. ஒரு தண்டு அதிலிருந்து பின்னே செல்கிறது. இன்னொரு தண்டு முன்னே செல்கிறது. முன்னே சும்மா உருண்டுகொண்டிருந்த பழைய அச்சைக் கழற்றிவிட்டு, உள்ளே பற்சக்கரங்களும் இரு முனைகளிலும் வளைந்து சுழலும் இணைப்புகளும் கொண்ட புதிய அச்சை ஏற்றுகிறார்.

இங்கேதான் இடர்ப்பாடுகள் தொடங்குகின்றன. புதிய அச்சின் நடுவிலுள்ள பருத்த பகுதி எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் இடிக்கிறது. ஆகவே எண்ணெய்த் தொட்டியின் வடிவை மாற்ற வேண்டும். அல்லது வண்டியின் கூட்டையே உயர்த்த வேண்டும். உயர்த்தினால் தண்டுகளின் சாய்வு மாறும். சாய்வு மிகுந்தால் இணைப்புகள் விரைவில் தேயும். ஸ்டீயரிங் தண்டுகளின் நீளம் பொருந்தாது. பிரேக் குழாய்கள் எட்டா. உயர்ந்த வண்டி வளைவில் சாயும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசைகிறது.

இவை எல்லாவற்றிலும் தலையாய விதி ஒன்று உண்டு. அதை நம் கடற்கரைக் காட்சி ஒன்றைக் கொண்டு விளக்கலாம். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் பற்றி இழுப்பார்கள். இருவரும் ஒரே சீராக இழுத்தால் வலை ஒழுங்காகக் கரை சேரும். ஒரு பக்கத்தார் விரைந்தும் மறுபக்கத்தார் தளர்ந்தும் இழுத்தால் வலை கோணும், மீன் தப்பும். வண்டியின் முன் அச்சும் பின் அச்சும் அந்த இரு கூட்டத்தார் போன்றவை. தண்டு நான்கு முறை சுழன்றால் பின் சக்கரம் ஒரு முறை சுழலும் என்று இருந்தால், முன் சக்கரத்திற்கும் அதே கணக்கு இருக்க வேண்டும். டயர்களின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கு மாறினால் இரு அச்சுகளும் ஒன்றோடொன்று போராடி, இறுதியில் ஏதேனும் ஒரு பல் முறியும்.

கணக்கு சரியாகவே இருந்தாலும், வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றே நீண்ட வழியைக் கடக்கின்றன. மணலில் சக்கரம் சிறிது வழுக்கி இந்த வேறுபாட்டை ஈடுசெய்துகொள்ளும். தார்ச்சாலை வழுக்க விடாது. எனவேதான் இத்தகைய வண்டிகளில் முன் அச்சை வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது விலக்க ஒரு தனி நெம்புகோல் வைத்தார்கள். மணலில் இணைத்த நெம்புகோலைக் கெட்டித் தரைக்கு வந்ததும் விலக்க மறப்பவன் தன் வண்டியைத் தானே கெடுத்துக்கொள்பவன்.

பழைய வேனை இவ்வாறு மாற்றிய முயற்சிகளில் புகழ்பெற்றது ஒன்று ஜெர்மனியில் நடந்தது. 1950இல் பிறந்த ஃபோக்ஸ்வேகன் வேன் உலகெங்கும் ஓடியது. அதன் எஞ்சின் பின்னால் இருந்தமையால் பின் சக்கரங்களின்மேல் நல்ல எடை தங்கிற்று. ஓரளவு மணலையும் அது தாங்கிற்று. அந்நிறுவனத்தின் வேன்களை வடிவமைக்கும் பிரிவின் தலைவரான குஸ்டாவ் மேயர், சஹாரா பாலைவனத்தில் பயணம் செய்வதில் பெருவிருப்பமுடையவர். அவரும் ஹென்னிங் டுக்ஸ்டைன் என்னும் பொறியாளரும் 1970களில் அந்த வேனுக்கு முன் சக்கர இயக்கத்தைச் சேர்த்தார்கள். பின்னாலிருந்த கியர் பெட்டியிலிருந்து ஒரு தண்டைத் தரைத்தளத்தின் கீழே முன்னோக்கிச் செலுத்தினார்கள். மாதிரி வண்டிகளைச் சஹாரா மணலிலேயே ஓட்டிச் சோதித்தார்கள். அந்த வேன் அவ்வடிவில் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் அனுபவம் வீண்போகவில்லை. அதன் பின்வந்த வேன், சிங்க்ரோ என்ற பெயரில், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் நாற்சக்கர இயக்கத்துடன் உருவாகி 1985இல் வெளிவந்தது. அதில் இணைக்கவும் விலக்கவும் ஓட்டுநரை எதிர்பாராத ஓர் அமைப்பு இருந்தது. கெட்டியான எண்ணெய் போன்ற ஒரு திரவத்தினுள் சுழலும் தட்டுகள், பின் சக்கரம் வழுக்கிய அளவில் தாமே முன் அச்சுக்கு வலிமையை அனுப்பின.

நம் நாட்டிற்கு வருவோம். 1945இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் தொடங்கிய நிறுவனம், 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறியது. விடுதலை பெற்ற காலத்தையொட்டி அது பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிற்று. காடு, அணைக்கட்டு, எல்லைப்புறம், தேர்தல் பணி என்று பாதையில்லாத இடங்களுக்கெல்லாம் அந்த ஜீப் சென்றது. 1960களில் அதே நிறுவனம், ஓட்டுநர் எஞ்சினின் மேலேயே அமரும் மற்றொரு வகை வண்டியையும் செய்தது. ஜீப்பின் குட்டையான அடிச்சட்டத்தின்மீதே சுமைக்கும் ஆட்களுக்கும் மிகுந்த இடம் கிடைத்தது. இவ்வாறு ஜீப்பின் கால்களும் வேனின் உடலும் நம் நாட்டில் ஒன்றுசேர்ந்தன.

இப்போது தனுஷ்கோடிக்குத் திரும்பலாம். புயலுக்குப் பின்னரும் நெடுங்காலம் இராமேசுவரம் தீவிற்கு மோட்டார் வண்டி தன் சக்கரங்களால் ஓடிவர வழியில்லை. 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அந்த வழி பிறந்தது. சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் மணல், ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் கொந்தளிக்கும் ஆண்கடல். யாத்திரிகர்களும் மாணவர்களும் மீனவர்களும் அங்கிருந்து ஜீப்பிலும் நாற்சக்கர இயக்கமுள்ள வேன்களிலும் ஏறிச் சென்றார்கள். அந்த ஓட்டுநர்களின் அறிவு புத்தகத்தில் கிடைப்பதன்று. காய்ந்த மணல் சக்கரத்தை விழுங்கும். கடலலை நனைத்துச் சென்ற ஈரமணல் தாங்கும். ஆனால் நீர் தேங்கிய இடம் காய்ந்த மணலைவிடக் கொடியது. டயரில் காற்றைக் குறைத்தால் அதன் அடி விரிந்து, ஒட்டகத்தின் பாதம்போல் மணல்மேல் பரவும். நடுவில் நிறுத்தக்கூடாது, திடீரென்று வேகம் கூட்டக்கூடாது. நேற்றிருந்த தடத்தை இன்றைய காற்று அழித்துவிடும். ஒவ்வொரு நாளும் புதிய பாதையைக் கண்ணால் வகுத்தே அவர்கள் ஓட்டினார்கள். இயந்திரம் பாதி வேலையைத்தான் செய்தது. மீதியை மணலை அறிந்த மனிதன் செய்தான்.

2017ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நிலைமை மீண்டும் மாறியது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9½ கிலோமீட்டர் நீளமுள்ள சாலை திறக்கப்பட்டது. இரு சக்கரங்களால் இயங்கும் எளிய காரும் பேருந்தும் முனை வரை சென்றன. புயலால் அறுந்த தொடர்பு 53ஆம் ஆண்டில் மீண்டது. மீனவக் குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வழி பிறந்தது. இது பெரிய நன்மை. ஆனால் மணலில் ஓடுவதற்கென்றே இருந்த வண்டிகளுக்கும், அவற்றை ஓட்டிப் பிழைத்தவர்களுக்கும் அங்கே இருந்த தேவை மறைந்தது. ஒரு சாலை திறக்கப்படும் நாளில் ஒரு கலை மெல்ல மூடப்படுகிறது என்பதையும் வரலாறு எழுதுவோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டு, வீட்டில் நிற்கும் பழைய வேனை மாற்றிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. காரணம் தெளிவு. அச்சை மாற்றினால் பிரேக்கும் சாய்வும் ஸ்டீயரிங்கும் மாறுகின்றன என்று முன்பே கண்டோம். பட்டறையில் பிழைத்த கணக்கு சாலையில் பிறர் உயிரைக் கேட்கும். ஆகவே கற்பதற்குத் தடையில்லை. சாலையில் ஓட்டுவதற்கு முன் சட்டம் இடம்தருகிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது கடமை.

பாதை முதலில் வந்தது. கடல் அதைக் கொண்டது. பின்பு மணலுக்கேற்ற வண்டி வந்தது. சாலை அதை ஓய்வுகொள்ளச் செய்தது. இரண்டில் எது வென்றது என்று கேட்பீர்களானால், நீங்கள் அடுத்த முறை அரிச்சல்முனைக்குச் செல்லும்போது சாலை முடியும் இடத்தில் இறங்கி நில்லுங்கள். தாரின் விளிம்புக்கு அப்பால் மணல் தொடங்குகிறது. காற்று பலமாக வீசும் நாட்களில் அந்த மணல் சாலையின்மேலும் சிறிது ஏறி வந்து கிடக்கும்.